வேகமானதைத்தான் வாங்கினேன்

மூன்று கொட்டேஷன் இல்லாமல் நான் எதையும் வாங்கியதில்லை. கண்டியில் ஓர் அரச அலுவலகத்தின் வழங்கல் பிரிவில் இருபது வருடத்துக்கு மேலாக என் வேலையே இதுதான். மேசை விசிறியோ கடுதாசிக் கட்டோ, எது தேவைப்பட்டாலும் மூன்று கடைகளில் விலை கேட்பேன். வெள்ளைத்தாளில் கோடு கிழித்துக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாகப் பொருளின் குணங்களை எழுதி மேலதிகாரியின் மேசையில் வைப்பேன். கட்டத்துக்குள் எழுத முடிந்ததுதான் எங்கள் பிரிவில் குணம். "நம்பி வாங்கலாம்" என்று ஒருமுறை எழுதியதற்குக் கணக்காய்வுக்கு வந்தவர் சிவப்பு மையால் சுழித்து, "எதை வைத்து?" என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அப்படி எழுதவில்லை.

இதை வைத்து என் கணவர் என்னைக் கேலி செய்யாத நாளே இல்லை. "என்னைக் கட்டிக்க முந்தியும் மூணு கொட்டேஷன் எடுத்தியா?" என்று விருந்தாளிகள் முன்னாலேயே கேட்பார். "எடுத்தேன். மத்த ரெண்டு பேரும் பதில் போடல" என்பேன். அவர் சிரித்தால் குண்டசாலையில் எங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும் ஆட்டோக்காரர்களுக்கும் கேட்கும். டவுனில் துணிக்கடையில் நின்று, வீதியில் போகிறவர்களைக் கூப்பிட்டே பழகிய தொண்டை அது.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும் என்று டொக்டர் சொன்னார். ஒப்பரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவர் எங்களை உட்காரவைத்து, இருக்கிற நாட்களில் குரலைப் பதிந்து வையுங்கள், பிற்பாடு உதவும் என்றார். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து என் போனை அவர் முன்னால் வைத்தேன்.

முதல் நாள் வெட்கப்பட்டார். மூன்றாம் நாளிலிருந்து நிறுத்த முடியவில்லை. தண்ணீர்த் தாங்கியின் எந்தக் குழாயை எப்போது மூட வேண்டும் என்று பேசினார். கடையில் ஒரு சேலையை எப்படி விற்பது என்று சேலையே இல்லாமல் விரித்துக் காட்டினார். பக்கத்து வீட்டு நாய் கறுப்பனைத் திட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. இரண்டையும் சமையலறையில் வைத்துக்கொண்டேன்.

கடைசி ஞாயிறு மத்தியானம் என்னை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். "இது மகளுக்கு. அவ கல்யாணத்தன்னைக்குப் போடு. அதுக்கு முந்தி யாரும் கேக்கக்கூடாது. நீயும்தான்." மகள் அப்போதுதான் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், கல்யாணப் பேச்சே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணிநேரம் பேசினார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சொற்கள் கேட்கவில்லை, அவர் குரலின் இரைச்சல் மட்டும் கேட்டது. நடுவில் ஒருமுறை நீண்ட நேரம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது. வெளியே வந்து முகம் கழுவிவிட்டு, போனை என் கையில் வைத்து, "பத்திரம்" என்றார்.

போன் நிரம்பிவிட்டது. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். செவ்வாய் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட மாடியில் இருக்கும் கம்பியூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் திகனக்காரர். எங்கள் அலுவலகத்துக்குப் பல வருடமாகச் சாமான் கொடுப்பவர், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றுதான் கூப்பிடுவேன். என் கட்டங்களை அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று பொருளை எடுத்து வரிசையாகக் கண்ணாடி மேல் வைத்தார்.

இரண்டு எஸ்.எஸ்.டி., ஒன்று பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க். எஸ்.எஸ்.டி. என்பது சுற்றுகிற தட்டு எதுவும் இல்லாமல், சிப் என்கிற சில்லுக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்திருக்கிற பெட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்றின் உறையில் அதன் வேகம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மற்றது கறுப்பாக, பார்க்க ஒன்றுமில்லாமல் இருந்தது. வேகம் அதில் பாதிகூட இல்லை.

"வேகமா ஈக்கிறது இது, மிஸ்" என்றார் நானா. "ஆனா ஒரு சின்ன அறைக்குள்ள நாலு பேரை இருத்தினாப்புல இதுக்குள்ள எழுதுறது. நெருக்கடி. அந்தக் கறுப்புல மூணு பேரு. வேகம் கொறவு, நிண்டு பிடிக்கும். வொரன்டியும் கூட. சும்மா வச்சிக்கொள்ளத்தான் எண்டா, ஹார்ட் டிஸ்க்கே போதும்."

நான் பையிலிருந்த ஒரு பில்லின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். கொள்ளளவு, எழுதினேன். வேகம், எழுதினேன். அடுத்த கட்டத்துக்கு நம்பகம் என்று பெயர் போட்டு, "எத்தனை வருசம் நிக்கும், நானா?" என்று கேட்டேன்.

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"வொரன்டிக் காலத்தை எழுதட்டா?"

"வொரன்டில புதுசு ஒண்டு தருவாங்க, மிஸ். உள்ளுக்கு ஈக்கிறதைத் தர மாட்டாங்க."

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். வெறுமையான கட்டம் எங்கள் பிரிவில் கணக்கில் வராது. வேகத்துக்கு நம்பர் இருந்தது, பெரிய நம்பர். அதோடு, நாளைக்கு ஆஸ்பத்திரி. அன்றைக்கு எனக்கு எல்லாமே வேகமாக முடிய வேண்டியிருந்தது. வேகமானதைத்தான் வாங்கினேன்.

பெட்டியைப் பையில் போட்டுத் தரும்போது நானா இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். "எதை எடுத்தாலும் ரெண்டு எடத்துல வைங்க. இடைக்கிடை கம்பியூட்டர்ல கொழுவிப் பாருங்க. கரண்ட் குடுக்காம கன நாள் போட்டுவச்சா இதுக்கு மறந்து போகும்." இயந்திரத்துக்கு மறதியா என்று உள்ளுக்குள் சிரித்தேன். இரண்டாவது ஒன்றை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றும் நினைத்தேன். இருபது வருடம் விற்பவர்களையே பார்த்துப் பார்த்து, யார் சொன்னாலும் விற்கத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றும் அளவுக்கு என் புத்தி கெட்டிருந்தது.

அன்று சாயங்காலம் தேத்தண்ணி ஆறுவதற்குள் போனிலிருந்து லெப்டொப் வழியாக அத்தனையும் அதற்குள் போய்விட்டன. பெருமையாக இருந்தது.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கழுத்தில் ஒரு துளையோடும் கையில் ஒரு கொப்பியோடும் வீட்டுக்கு வந்தார். வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை, மகள் லீவில் வந்திருந்தபோது, என் போனில் எதையோ தேடியவளின் விரல் தவறிப் பட்டுவிட்டது. "டேய் கறுப்பா! கத்தினது போதும்டா, காது வலிக்குது!" என்று வீடு முழுக்க அவர் குரல் எழுந்தது. கதிரையில் இருந்தவர் யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். தன்னுடைய குரல் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த முகத்தை என்னால் எழுத முடியாது. எழுந்து குளியலறைக்குள் போனவர் நெடுநேரம் வரவில்லை. வந்ததும் கொப்பியில் எழுதினார்: "இந்த வீட்டில் எதிலும் அது இருக்கக் கூடாது."

போனில் அழித்தேன். லெப்டொப்பில் அழித்தேன். ஒவ்வொன்றையும் அவர் பார்க்கும்படி அழித்தேன். அந்தச் சின்னப் பெட்டி மட்டும் மிஞ்சியது. அது மகளுக்கு என்று அவர்தானே சொன்னார், மகளிடம் மட்டும் சொல்லிவிட்டு அதை ஒளித்து வைத்தேன். இரண்டு இடம் என்று நானா சொன்னது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அதைக் கைக்குட்டையில் சுற்றி, அலுமாரியில் என் கூறைச்சேலையின் மடிப்புக்குள் வைத்துப் பூட்டினேன். எங்கள் ஆட்களுக்கு நல்ல பொருள் என்றால் அலுமாரிதான். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கோப்பைகளில் இதுவரை ஒருவரும் தேத்தண்ணி குடித்ததில்லை. நல்ல படுக்கை விரிப்பு இன்னும் கடை உறையோடு இருக்கிறது. பாவிக்காமல் வைத்தால் பழுதாகாது என்பது எங்கள் வீட்டில் கேள்வியே கேட்காத விஷயம். ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலை எடுக்கத் திறக்கும்போது விரலால் தொட்டுப் பார்ப்பேன். இருக்கிறது என்று நிம்மதியாகப் பூட்டுவேன். ஒருமுறையாவது கம்பியூட்டரில் கொழுவிப் பார்த்தேனா? இல்லை. அவர் காதில் விழுந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. எடுத்தால் தேய்ந்துவிடும் என்ற முட்டாள்தனம் இன்னொன்று. மூன்று தீபாவளி இப்படிப் போனது.

இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வீடு நாவலப்பிட்டி. எல்லாம் பேசி முடிந்ததும் மகள் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தாலி கட்டினதும் மண்டபத்துல நீங்க பேசுனதப் போடுவோம். எனக்கு நீங்க பேசணும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். அது இன்னும் இருக்கிறதா என்று அந்தப் பார்வை கேட்டது. தலையை ஆட்டினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கொப்பியை எடுத்து "சரி" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரே கேள்விதான் எழுதுவார்: "எடுத்துவிட்டாயா?" மூன்று வருடத்தில் அவர் எதற்கும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அவர் மரக்கறி வாங்கப் போயிருந்த நேரம், அதை லெப்டொப்பில் கொழுவினேன். சின்ன வெளிச்சம் இரண்டு தடவை மினுங்கியது. இந்த டிஸ்க்கைப் பாவிக்க முதலில் இதை அழித்துப் புதிதாக்க வேண்டும், செய்யவா என்று திரை கேட்டது. கழற்றித் துடைத்து மறுபடி கொழுவினேன். அதே கேள்வி. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டி வரைக்கும் வந்த நெரிசல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நானா மூன்று கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தார். பிறகு கொழும்பில் இதற்கென்றே இருக்கிற ஓர் இடத்துக்கு அனுப்பினார். பத்து நாளில் அதே உறையில் திரும்பி வந்தது.

"ஒண்டும் எடுக்க ஏலாவாம், மிஸ்."

"ஏன் இப்படி ஆச்சு, நானா?"

"சரியா சொல்ல ஏலா. சில்லு மட்டமானதா ஈக்கலாம். சும்மா கெடந்து மறந்ததா ஈக்கலாம். ஹார்ட் டிஸ்க் எண்டா கெட்டுப்போக முந்தி டக் டக்கெண்டு சத்தம் போடும், நமக்குத் தெரியும். இது சத்தமே போடாது." அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். தேத்தண்ணி வரவழைத்து வைத்தார். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

பஸ் நிலையத்தில் நின்றபடியே மகளுக்குப் போனில் சொன்னேன். "என்கிட்ட ஒண்ணு இருக்கும்மா. அப்பா எப்பவோ அனுப்பின வொய்ஸ் மெசேஜ்" என்று அதைப் போட்டாள். "பஸ் ஏறிட்டியா? ஏறினா ஒரு கோல் குடு." அவ்வளவுதான். உலகத்தில் மிச்சமிருக்கிற அவர் குரல் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது அவர் முன்னறையில் கல்யாணக் கார்டுகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம் போட்டதை, வெறுமையாக விட்டதை, நானா சொன்னதை, கேட்காமல் விட்டதை. என்னைத் திட்டி நாலு வரி எழுதட்டும் என்றுதான் காத்திருந்தேன். மஞ்சள் விரலைத் துடைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தார்.

"நான் அதில் என்ன சொன்னேன்?"

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். "உங்களுக்கு ஞாபகம் இல்லீங்களா?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினார். எழுதினார்: "பயத்தில் பேசினது. நல்லா வந்தது என்றது மட்டும்தான் ஞாபகம். நீ சொல்லு, நான் அவளுக்கு எழுதிக் கொடுக்கிறேன்."

"நீங்கதானே கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் மஞ்சள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு குனிந்து, மெதுவாக எழுதி, கொப்பியை என் பக்கம் திருப்பினார்.

"நீ எப்படியும் கேட்டிருப்பாய் என்று நினைத்தேன்."