தண்ணீர் குடிக்காத பெண்கள்

நான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்று தெரிந்ததும், நான் டாக்டராகவே ஆகப்போகிறேன் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். மாமியாரும் அதைத் திருத்தவில்லை. நான் படித்தது செவிலியத்தில் முனைவர் படிப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையவழியில் நடத்துவது. முடித்தால் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர். அதாவது கைக்குழந்தை முதல் வயதானவர் வரை ஒரு குடும்பத்தில் எல்லாரையும் சோதித்து, நோயைக் கண்டறிந்து, வைத்தியம் பார்க்கத் தகுதியுள்ள நர்ஸ். நம் ஊரில் அதற்கென்று ஒரு வேலை இல்லை. மருந்துச் சீட்டு எழுதும் அதிகாரம் இங்கே கிடைக்காது என்று தெரிந்துதான் சேர்ந்தேன். என் கண்ணும் கையும் தேறினால் போதும் என்று இருந்தேன்.

ஓசூரில் கார்களுக்கான ஒயர்க் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெடிக்கல் ரூம் நர்ஸாக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் நான் மட்டும்தான். காலை ஐந்தரைக்கு வகுப்பு தொடங்கும். அது முடிவதற்குள் கணவர் டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருப்பார். ஏழரைக்குக் கம்பெனி பஸ். பயிற்சி நேரத்துக்காக ஞாயிறுகளில் தளி ரோட்டில் இருக்கும் அதே டாக்டரின் கிளினிக்குக்குப் போவேன். ஜவளகிரிப் பக்கத்து விவசாயிகள் கன்னடத்தில் வலியைச் சொல்ல ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள். நான் இதே எல்லைப் பக்கத்துக் குந்தாரப்பள்ளியில் வளர்ந்தவள், அதெல்லாம் எனக்குப் பழக்கம்.

படிப்பின் கடைசிப் பகுதியில், வேலை செய்யும் இடத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்து மாற்றிக் காட்ட வேண்டும். எனக்கு விஷயம் தேட வேண்டியிருக்கவில்லை. அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்கள் திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பென்று வந்துகொண்டிருந்தார்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று மூன்று மொழிகளில் போஸ்டர் எழுதி ஒட்டினேன். எழுத்து அழகாக இருக்கிறதென்று எல்லாரும் சொன்னார்கள். வருகிறவர்கள் குறையவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண், அந்த ஆண்டு மூன்றாவது முறையாக வந்தாள். பழைய நானாக இருந்தால் காய்ச்சல் பார்த்து, மாத்திரைக்கு டாக்டரிடம் போனில் கேட்டிருப்பேன். அன்று அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, விலாவுக்குக் கீழே முதுகில் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் மெதுவாகக் குத்தினேன். துடித்துப் போனாள். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்க வேண்டும் என்று டாக்டருக்குச் சொல்லிவிட்டு, நானே அவளை வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நான் நினைத்தது சரியாக இருந்தது.

போகிற வழியில், தண்ணீர் குடிக்கச் சொன்னேனே, ஏன் கேட்கவில்லை என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். அவள் குளிரில் நடுங்கிக்கொண்டே சொன்னாள்: "தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போணும்லாக்கா. ரிலீவர் வந்து என் எடத்துல நின்னாத்தான் போவ முடியும். ரெண்டு லைனுக்கும் ஒரே ரிலீவரு. அதான் காலையில இருந்தே குடிக்காம இருந்துக்கிடுதோம்."

என் போஸ்டர்களை நினைத்து வெட்கமாக இருந்தது. மறுவாரம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு ஷிஃப்ட் முழுவதும் அந்த லைனின் ஓரத்தில் நின்றேன். பெண்கள் கையைத் தூக்குவதையும், ரிலீவர் வராமல் கையைக் கீழே போடுவதையும் குறித்துக்கொண்டேன். மதியத்துக்கு மேல் யாரும் கையைத் தூக்கவே இல்லை. தண்ணீர் பாட்டில்கள் காலையில் நிரப்பியபடியே இருந்தன.

அந்தக் குறிப்போடு புரொடக்‌ஷன் மேனேஜரைப் பார்த்தேன். கெட்ட மனிதர் அல்ல, அவசரக்காரர். பாதி படித்துவிட்டுத் தாளைத் தள்ளி வைத்தார்.

"சிஸ்டர், நீங்க ரூமுக்கு வர்றவங்களப் பாருங்க. லைன நாங்க பாத்துக்கறோம்."

"லைன்லருந்துதான் சார் ரூமுக்கு வர்றாங்க," என்றேன். "ஒரு லைனுக்கு ஒரு ரிலீவர் போடுங்க. ஒரு மாசம் பாக்கலாம். உற்பத்தி கொறைஞ்சா நானே வந்து நிறுத்தச் சொல்றேன்."

தள்ளி வைத்த தாளை இழுத்து மீதியையும் படித்தார். பிறகு, ஒரு மாதம்தான் என்றார்.

அந்த மாதம் நான் வழக்கத்தைவிட அதிகமாகச் சாமி கும்பிட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உற்பத்தி குறையவில்லை. லீவு குறைந்தது. அந்த லைனிலிருந்து நீர்க்கடுப்பென்று மாதக் கடைசியில் ஒருத்தி மட்டும் வந்தாள். அடுத்த மாதம் மேனேஜர் இன்னும் மூன்று லைன்களுக்குத் தனி ரிலீவர் போட்டார். கடைசி லைனில் ஒரு சூப்பர்வைசர் இன்னமும் முகம் சுளிக்கிறார். அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இறுதித் தேர்வு வீட்டின் முன்னறையில், மடிக்கணினித் திரையில் நடந்தது. அதுவரை அதிகம் பேசாத ஒரு பேராசிரியர், ரிலீவரை நியமிப்பது நிர்வாக வேலை, இதில் நர்ஸின் வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்தப் பெண்ணின் முதுகில் கை வைத்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நோயைக் கண்டுபிடிக்கப் படித்ததால்தான் அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனேன், அதுவரைக்கும் போவது என் வேலை என்றேன். என் ஆங்கிலம் அன்று ஓரிடத்திலும் தடுக்கவில்லை. தேர்ச்சி என்று அவர்கள் அறிவித்ததும், சமையலறையில் மூச்சுக் காட்டாமல் நின்றிருந்த மாமியார் பக்கத்து வீட்டுக்குச் சொல்லக் கிளம்பிவிட்டார்.

கம்பெனி அடையாள அட்டையில் இன்றும் ஸ்டாஃப் நர்ஸ் என்றுதான் இருக்கிறது. டாக்டர் வரும் நாட்களில், நோயாளியைப் பார்க்கும் முன் நான் எழுதியதை வாசிக்கிறார். சில சமயம் அதற்குக் கீழே கையெழுத்து மட்டும் போடுகிறார். அந்தத் தூத்துக்குடிப் பெண் போன வாரம் வந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. ஊரில் அம்மாவுக்கு எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டைப் போனில் காட்டி, பார்த்துச் சொல்லச் சொன்னாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, அம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன்.