அந்த ஆறு விநாடியில் குரல் இல்லை

மூன்று வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றில், பொள்ளாச்சியில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. ஆனால் அதற்கு ஆறேழு மாதம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் போத்தனூரில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பா பஸ் போர்டைக்கூட இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். ஒருவர் சொன்னால் போதாதா என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

பொள்ளாச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணன்தான் எனக்கு அதிகமாக வேலை தருவார். எடுத்ததையெல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, துண்டில் சுற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். நான் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்வேன். ஒருநாள் மழையில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு, இனி இது வேண்டாம் என்று முடிவு செய்தேன். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டால், அவர் ஒரு ஃபோல்டரில் வைப்பதெல்லாம் இன்டர்நெட் வழியாக நேராக என்னிடம் வந்துவிடும். நடுவில் எந்தக் கம்பெனியிடமும் போய்த் தங்காது, வழியில் யாரும் திறந்து பார்க்கவும் முடியாது. பெண்ணின் படம் வெளியே போய்விடுமோ என்று வீட்டுக்கு வீடு பயப்படுகிறார்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு மனசே இல்லை. "டிஸ்க்கு கையில இருந்தாத்தானுங்க அம்மணி நம்முளுது. இது எதுல போவுது, எப்ப வருதுன்னே தெரியலைங்களே."

"நீங்க இன்னும் கண்டக்டரையே நம்பிட்டு இருங்கண்ணா."

"கண்டக்டரு டிக்கெட்டாவது கிழிச்சுக் குடுப்பாருங்க" என்றார்.

நானே போய் இரண்டையும் இணைத்துக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் வரிசையாகக் கேள்விகள் வந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்க, மளமளவென்று அழுத்திக்கொண்டே போனேன்.

வைகாசியில் ஒரு பெரிய கல்யாணம் அப்படி வந்தது. முழுதாக வந்து சேர இரண்டு நாள் ஆனது. வந்துவிட்டது என்று நான் சொன்னதும், கேமரா கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக அண்ணன் அழித்துவிட்டார். சீசனில் எல்லா ஸ்டூடியோவிலும் அப்படித்தான். முதலில் மூன்று நிமிட ஹைலைட்ஸ் மட்டும் செய்து கொடுத்தேன். முழு வீடியோவை ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டில். ஆவணியில் வேலை குவிந்து என் கம்ப்யூட்டரில் இடமில்லாமல் போனது. பொள்ளாச்சியில்தான் இருக்கிறதே, வேண்டும்போது வரவழைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கல்யாணத்தை என் பக்கம் அழித்தேன்.

ஐப்பசியில் மாப்பிள்ளையின் தங்கை இறந்துபோனாள். நான்கு நாள் காய்ச்சல். என் வயதுதான் இருக்கும்.

கார்த்திகையில் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, இணைச்சீர். கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் பெண்ணைப் போலவே அலங்கரித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து நின்று செய்கிற சீர் அது. அண்ணன் தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார், இல்லை. அப்போதுதான் அந்தப் புரோகிராமின் செட்டிங்கைத் திறந்து முதல்முறையாக முழுக்கப் படித்தேன். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. அப்படி ஆகாமல் இருக்க ஒரு வழியும் கொடுத்திருந்தார்கள். காந்திபுரத்தில் அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்கு இரண்டு டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதன்மேல் வேறு கல்யாணங்கள் ஏறிவிட்டன, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

"கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்போடலாமுங்க" என்றார் அண்ணன். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போனோம். மாப்பிள்ளையின் அம்மா கையில் போன். நான் செய்த ஹைலைட்ஸை ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இணைச்சீர் ஆறு விநாடி வரும். தங்கை மாப்பிள்ளையின் காதருகே சாய்ந்து ஏதோ சொல்வாள், இருவரும் சிரிப்பார்கள். மேலே நான் போட்ட பாட்டு ஓடும்.

"மண்டபத்து வாசல்ல நின்னு வாறவீங்களக் கூப்புட்டுட்டு இருந்தனுங்க. உள்ள சீரு முடிஞ்சே போச்சு. நான் கண்ணுல பாக்கலைங்க" என்றார்.

அண்ணன் "அந்தக் கார்டு வந்துங்க…" என்று ஆரம்பித்தார். என்னால் முடியவில்லை. "கார்டுனால இல்லீங்கம்மா. நாந்தான் அழிச்சுட்டேன். தெரியாம அழிச்சுட்டேன்" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் போனை என் பக்கம் திருப்பினார். "அப்ப நீ பாத்திருப்பீல்ல கண்ணு? அவ என்ன சொன்னா?"

பக்கத்தில் நின்ற மகன், "அதையே கேக்காதீங்கம்மா. மேளச் சத்தத்துல எனக்குக் காதுல உழுகல. அவ சிரிச்சான்னு நானும் சிரிச்சு வெச்சேன்" என்றார்.

கேமராவில் ஒருவேளை பதிவாகியிருக்கலாம். எனக்குத் தெரியாது. மேலே பாட்டுத்தானே போடப்போகிறோம் என்று, எந்தக் கல்யாணம் வந்தாலும் முதல் வேலையாகச் சத்தத்தை நிறுத்திவிடுவது என் வழக்கம். "கேக்கலைங்கம்மா" என்றேன்.

"செரி கண்ணு. காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று எழுந்து போனார். கொண்டுவந்து கொடுத்தார். குடித்தோம்.

அண்ணன் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இப்போதும் அந்தப் புரோகிராம் வழியாகத்தான் வருகிறது, அங்கிருந்து இங்கே மட்டும் வரும்படி மாற்றிவிட்டேன். கூடவே ஒரு டிஸ்க் பஸ்ஸிலும் வருகிறது. எதையாவது அழிக்கும் முன் போன் செய்து, அங்கே திறந்து பார்க்கச் சொல்கிறேன், அப்பா பஸ் போர்டைக் கேட்பதைப் போல. எவ்வளவு அவசரமானாலும் முழுவதையும் ஒருமுறை சத்தத்தோடு கேட்டுவிடுகிறேன். மேளத்துக்கு நடுவே யாராவது யார் காதிலாவது குனிந்து பேசினால், அந்த அம்மாவுக்குச் சொல்ல முடியாமல் போன பதிலைத் தேடுகிறவளாக அந்த இடத்தில் இன்னமும் நின்றுவிடுகிறேன்.