பால் ஊற்றிய வங்கு

பெருச்சாளி வங்குக்கும் பாம்புப் புற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் நடுவில் நான் ஆறு வருடம் குடியிருந்தேன். எனக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்ததால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

அறுபதுகளின் கடைசி. வேலம்பாளையத்தில் சோளக்காட்டை மனை மனையாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வரிசையாக ஐந்து வீடுகள், ஓட்டுக்கூரை, மண்சாந்து வைத்துக் கட்டிய சுவர். முதல் வீட்டில் அண்ணன், அண்ணன் மனைவி, நான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அண்ணன் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். நான் இன்னொரு கம்பெனியில் கட்டிங். நங்கை ஓவர்லாக் தைத்தார். மூன்று பேரில் கை வேகம் அவருக்குத்தான்.

வீடு கட்டிவிட்டால் காட்டு ஜீவன்கள் காலி செய்துகொண்டு போய்விடும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். போகாது. கிளுவை வேலிக்குள் கீரி இருந்தது. ஓட்டின் மேல் மரநாய் நடந்தது. அதைப் பேய் என்று சொல்லி இரண்டாம் வீட்டுக்காரர் வாசல் நிலையில் வேப்பிலை செருகினார். காலையில் வாசலில் கிடந்த எச்சத்தைக் குச்சியால் கிளறிக் காட்டினேன். பழக்கொட்டை முழுசு முழுசாக இருந்தது. பேய் பழம் தின்னாது என்றேன். என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

எங்கள் பின்சுவரை ஒட்டி ஒரு நாள் மண் குவிந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். கடைசி வீட்டு அக்கா வந்து பார்த்தார். நெசவுக் குடும்பம், முருக பக்தி அதிகம், கெட்டவர் இல்லை. பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கண்ணு, நாகம் உன்ற ஊட்டைத் தேடி வந்துருக்குது. கண்ணாலமாகி அஞ்சு வருசமா வயித்துல ஒண்ணுமில்லீன்னு அழுதியே. வெள்ளிக்கெழமை தவறாம பாலு ஊத்து."

நங்கை அன்றே மஞ்சள் தெளித்துக் குங்குமம் வைத்தார்.

நான் போய்ப் பார்த்தேன். கரையான் புற்றை அமுக்கினால் கல் மாதிரி இருக்கும். இது கட்டி கட்டியாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. வாய் ஒரு சொம்பு நுழையும் அகலம். பக்கத்திலேயே புழுக்கை, பெரிது பெரிதாக. அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவன் மறக்க மாட்டான். வெள்ளகோவில் பக்கம் எங்கள் கடலைக் காட்டில் இந்த மாதிரி வங்கு எத்தனையோ வெட்டியிருக்கிறேன். பாம்புக்கு மண் தோண்டக் கையா இருக்கிறது?

"நங்கை, இது பெருச்சாளி வங்குங்க. நீங்க ஊத்தற பாலைக் குடிச்சு அதுதான் கொழுக்கும்."

கடைசி வீட்டு அக்கா விடவில்லை. "தம்பி துணி வெட்டறதை உட்டுப்போட்டு எலி டாக்டரா போயிரலாமுங்க. பெருச்சாளியாவே இருக்கட்டுமே, புள்ளையார் வாகனந்தானே? பாலு வீணாப் போவுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நங்கையும் சிரித்தார். சாயங்காலம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எனக்கும் தெரியும்டா. அவ மனசுக்கு நல்லாயிருக்குது. உனக்கெதுக்கு? உடு."

அந்த வருடமே நங்கை உண்டானார். பையன் பிறந்தான். அதோடு என் வாய் அடைபட்டது. பாலோடு முட்டையும் சேர்ந்தது. மற்ற வீட்டுப் பெண்களும் கொண்டுவந்து வைத்தார்கள். தின்று தின்று அதற்குப் பயம் விட்டுப்போனது. நல்ல வெளிச்சத்தில் மூக்கை வெளியே நீட்டியதை நான் இரண்டு தடவை பார்த்தேன். கல்லெடுத்தால் முடியைச் சிலிர்த்துக்கொண்டு பன்றி மாதிரி உறுமியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள் என்ற ரோஷம்தான். வேறு காரணம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பையனுக்கு எட்டு மாதம். நங்கை பாலை ஊற்றிவிட்டு முட்டையை உள்ளே தள்ளி வைக்கக் கையை வங்குக்குள் விட்டார். அலறல் கேட்டு ஓடினேன். வலது கையிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து வீட்டு ஆட்களும் கூடிவிட்டார்கள். நாகம் தீண்டிவிட்டது என்று ஒரே கூப்பாடு.

நான் காயத்தைப் பார்த்தேன். உள்ளங்கை ஓரத்தில், சின்ன உளியால் கொத்தி எடுத்தது போல, பல் இரண்டும் ஒட்டி விழுந்த வெட்டு. சதை கிழிந்திருந்தது. பாம்பு அப்படிக் கடிக்காது. எனக்குத் தெரிந்துவிட்டது.

"கட்டுங்கப்பா, வெசம் ஏறிரும்!" என்று யாரோ கத்தினார்கள்.

துடைக்க வைத்திருந்த கட்டிங் வேஸ்ட், கம்பெனியில் வெட்டி மிஞ்சிய பனியன் துணி, பக்கத்தில் கிடந்தது. ஒரு நீளத் துண்டை எடுத்து முழங்கைக்கு மேலே நான்தான் கட்டினேன். பனியன் துணியை நீளமாக வெட்டி இழுத்தால் ஓரம் சுருண்டு கயிறாகிவிடும். இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். கட்டிங்கில் நிற்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் மூன்று சுற்றுச் சுற்றினேன்.

ஏன் கட்டினேன்? எலிக்கடி என்று நான் சொல்லி, ஒருவேளை அது பாம்பாகவே இருந்து, அவர் செத்துவிட்டால் பழி என் தலையில் விழும். அதைத்தான் நினைத்தேன். அவருடைய கையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

சாமி தீண்டியதற்கு ஊசி போடக்கூடாது என்று கடைசி வீட்டு அக்கா சொன்னார். அண்ணன் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்து அப்படியே அடங்கிவிட்டார். வண்டி பூட்டி விஷம் இறக்குகிறவரிடம் கொண்டுபோனோம். அவர் வெளியூர் போயிருந்தார். அவர் வீட்டு வாசலிலேயே பொழுது உச்சிக்கு ஏறி இறங்கும்வரை காத்திருந்தோம். நங்கையின் விரல்கள் வீங்கி நீலமாகின.

"தம்பி, இறுக்குதுங்க. கொஞ்சம் அவுத்து உடுங்க."

"பொறுத்துக்கங்க நங்கை."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். நாலாம் தடவை அவர் கேட்கவில்லை. கை மரத்துப்போயிருந்தது.

விஷம் இறக்குகிறவர் வரவே இல்லை. பொழுது சாய்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கத்திரியை வைத்து அந்தத் துணியை வெட்டினார். காயத்தைத் திருப்பிப் பார்த்தார். "எலி கடிச்சதுக்கு எவன்யா இப்படிக் கட்டுனது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அண்ணனும் காட்டிக்கொடுக்கவில்லை.

பல நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். காயம் ஆறியிருந்தது. விரல்கள் உள்நோக்கி மடங்கி நின்றுவிட்டன. ஓவர்லாக்கில் துணியைப் பிடித்துத் தள்ளுகிற கை, பையனின் அரைஞாண் கயிற்றைக் கூடப் பிடிக்க முடியாமல் போனது. கம்பெனியில் அவர் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள்.

மறுநாள் கடப்பாரை எடுத்து அந்த வங்கை வெட்டினேன். பட்டப்பகல். யாரும் தடுக்கவில்லை. சுவருக்கு அடியில் அடித்தளம் வரை குடைந்திருந்தது. உள்ளே முட்டை ஓடுகள், கடலைத் தோல், கடித்துக் குதறிய பனியன் துணி. கடைசியில் அதுவும் வந்தது. அடித்துப் போட்டு ஒரு பலகையில் கிடத்தி எல்லாரையும் கூப்பிட்டேன். வாலைச் சேர்த்தால் என் முழங்கை நீளத்துக்கு மேல். முன்பல் மஞ்சளாக, ஒட்டி ஒட்டி இரண்டு.

கடைசி வீட்டு அக்கா குனிந்து பார்த்தார். "நாகம் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சுங்க. அது போன எடத்துல இது வந்து பூந்துக்குச்சு."

எல்லாரும் ஆமாங்க என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடப்பாரையைத் தூக்கி எறிந்தேன். ஆனால் யாரைத் திட்டுவது? அவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் அவர்கள் குற்றம்.

கூட்டம் கலைந்த பிறகும் நங்கை அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கட்டறப்பவே உங்களுக்குத் தெரியுமில்லீங்க தம்பி?"

"தெரியுங்க."

அவர் பையனை இடது கையால் வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அதே வீட்டில் இருந்தேன். சோறு போட்டார். காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சி வைத்தார். தம்பி என்று மட்டும் அவர் என்னைக் கூப்பிடவில்லை.