அடுத்த வருடத்து ஏழாம் தேதி

2005 டிசம்பரில், விருதுநகரில் என் மகள் படித்த கல்லூரியின் அலுவலகத்தில் இது நடந்தது. இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள், எப்படியோ தப்பினோமே என்றும் தோன்றும்.

நாங்கள் சிவகாசிக்காரர்கள். என் கணவர் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். மாதக் காலண்டருக்குத் தலையில் தகரப்பட்டை மாட்டும் வேலையை நான் வீட்டிலிருந்தே செய்தேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். மிச்சப் படிப்பெல்லாம் அவர் கொண்டுவரும் வேஸ்ட் தாளில் படித்தது. தினசரிக் காலண்டர் தாளின் அடியில் ஒரு பழமொழி போட்டிருப்பார்கள் அல்லவா, மை தீற்றியது, கோணலாக வெட்டுப்பட்டது என்று ஒதுக்கிய தாள்களையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தே தேறினேன். பாதி வெட்டுப்பட்ட பழமொழி வந்தால் மீதியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொள்வேன். அவர் தெரியாது என்றே சொல்ல மாட்டார். தெரியாவிட்டால் சொந்தமாகக் கட்டிச் சொல்லிவிடுவார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கெல்லாம் புது வருடம் ஜனவரியில் பிறக்கும். எங்களுக்கு ஆடியிலேயே பிறந்துவிடும். ஆர்டர் பிடிக்க அடுத்த வருடத்து சாம்பிள் காலண்டர்கள் வந்துவிடும். வந்ததில் நல்ல படமாக ஒன்றை வீட்டில் மாட்டிவிடுவோம். எந்த ஆபீசுக்குப் போனாலும், யாரைப் பார்க்கப் போனாலும், வெறுங்கையோடு போகாமல் ஒரு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு போவோம். மற்ற ஊர்க்காரர்கள் ஆப்பிள், ஆரஞ்சு வாங்குவது மாதிரி.

அந்த வருடமும் அப்படித்தான். கிளிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு குழந்தைகள் நிற்கும் படம் போட்ட 2006 காலண்டர், எங்கள் வீட்டுச் சுவரில் டிசம்பர் தாளைக் காட்டிக்கொண்டு தொங்கியது. 2005 காலண்டரும் பக்கத்திலேயே ஒரு ஆணியில்தான் கிடந்தது. தாள் நல்ல கெட்டியாக இருக்கிறதென்று மகள் அதைக் கழற்றித் தன் நோட்டுகளுக்கு அட்டை போட்டுவிட்டாள்.

மகள் அப்போது பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம். எங்கள் இரண்டு பேர் வம்சத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவள்தான். கணக்கில் நல்ல மார்க். ஆனால் அந்தக் கல்லூரியில், சொந்தப் பாடத்தில் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், வேறு துறையில் ஒரு பாடம் எடுத்துத் தேறினால்தான் பட்டம் என்று ஒரு விதி இருந்தது. அதற்கு ஒவ்வொரு பாடத்துக்கும் இவ்வளவு கிரெடிட் புள்ளி என்று ஒரு கணக்கு. அந்தக் கடைசி செமஸ்டரில் அவள் அதை எடுத்தாக வேண்டும். விட்டால் அந்தப் பாடங்கள் மறுபடி அடுத்த வருடம்தான். டிசம்பர் ஏழாம் தேதிக்குள் பெற்றோரோடு வந்து கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று தேர்வு முடிந்த அன்றே வகுப்பில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"யப்பா, திங்கக்கிழமையே போயிருவோம். லேட்டாப் போனா நல்ல பாடமெல்லாம் காலியாயிரும்" என்றாள் மகள்.

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் போய்ப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜோசியர் மாதிரி.

"ஏழாம் தேதி வியாழக்கிழமை, முகூர்த்த நாளு. அன்னைக்கே போவோம் தாயி. கம்பெனில சீசன், ஒரு நாளுதான் லீவு தருவாக. நாள் செய்றத நல்லவன் செய்ய மாட்டான்."

கம்பெனியில் யாராவது சரியான தேதியைச் சொல்லியிருக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். டிசம்பரில் அங்கே யாருக்கும் தேதி தேவைப்படாது. வியாழன் லோடு ஏறுது, சனி சம்பளம் என்று கிழமைதான் பேச்சு. கையில் புழங்கும் தேதியெல்லாம் அடுத்த வருடத்துடையது. தேர்வு முடிந்து வீட்டிலிருந்த மகளுக்கும் சுவரில் தொங்கியதுதான் தேதி. அதனால் புதன்கிழமை முழுக்க நாங்கள் ரொம்ப நிம்மதியாக இருந்தோம். அவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தார். நான் மகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை எமகண்டம் கழிந்து பஸ் ஏறினோம். அவர் மடியில் செய்தித்தாளில் சுருட்டிய காலண்டர். ஆமத்தூர் தாண்டும்போது, "கம்ப்யூட்டர் பாடம் கேளு தாயி, அதுக்குத்தான் மதிப்பு" என்றார். மகள் தலையாட்டிக்கொண்டாள்.

கல்லூரி விடுமுறையில் வெறிச்சோடிக் கிடந்தது. அலுவலகத்தில் இரண்டே பேர். கண்ணாடி போட்ட கண்காணிப்பாளர் அம்மா ஒருவர், தட்டச்சு செய்யும் இளவட்டம் ஒருவர். மகள் விண்ணப்பத்தை நீட்டினாள். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நேத்தோட முடிஞ்சிருச்சேம்மா."

மகள் முகம் வெளுத்தது. என் கணவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

"மேடம், இன்னைக்குத்தான ஏழு?"

"இன்னைக்கு எட்டு."

"இல்ல மேடம், ஏழு."

"காலையில இருந்து இந்த முத்திரையத்தான் குத்திக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி." தேதி முத்திரையைத் தூக்கிக் காட்டினார்.

அவர் அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துத் திருப்பிப் பார்த்தார். "திருகுறப்ப ஒரு பல்லு தாவியிருக்கும் மேடம். எங்க கம்பெனில நம்பர் மிஷினும் இப்பிடித்தான் தாவும். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாச் சரியாயிரும்."

"எனக்குத் தேதி தெரியாதுங்கிறீகளா?"

"அப்பிடிச் சொல்வேனா? மீசை முளைச்ச நாள்ல இருந்து காலண்டர் வெட்டுறவன் மேடம் நான். தேதி விசயத்துல மட்டும் என்னைய நம்பலாம்."

சொல்லிவிட்டு, கொண்டுவந்த காலண்டரை மேஜைமேல் விரித்தார். டிசம்பர் தாளைத் திருப்பி, ஏழின்மேல் விரலை வைத்தார். "பாருங்க. ஏழு, வியாழன். இன்னைக்குக் கிழமை வியாழன்தான? அதுல ஒண்ணும் சந்தேகமில்லயே?"

அந்த அம்மாவே ஒரு நொடி குழம்பித்தான் போனார். இளவட்டம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். தாளின் மேல் மூலையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இது அடுத்த வருசமாச்சே" என்றார்.

 என் கணவரின் விரல் இன்னும் ஏழின்மேலேயே இருந்தது. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. எத்தனையோ தடவை தாளில் படித்த பழமொழி. அன்றுதான் பல்லியை நேரில் பார்த்தேன். பக்கத்தில் பல்லியின் சம்சாரமாக நானும் நின்றேன்.

"இந்தக் காலண்டர்படி வரணும்னா, நீங்க அடுத்த வருசம் வாங்க" என்றார் அந்த அம்மா. இளவட்டத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தட்டச்சுப் பொறிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

மகள் சிரிக்கவில்லை. "மேடம், இந்த ஒரு பாடம் இல்லாட்டி எனக்குப் பட்டமே வராது மேடம். இதுவரைக்கும் எதுலயும் பெயிலானதில்ல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கணவர் காலண்டரைச் சுருட்டவும் தெரியாமல், விரித்தபடி விடவும் தெரியாமல் நின்றார். மிஷின் முன்னால் அப்படி நிமிர்ந்து நிற்கிற மனுஷர். கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன், அவர் நின்ற நிலையில் எனக்குக் கோபம் வரவில்லை.

அழுகை வந்தால் நான் எதையாவது படிப்பேன். சிறுவயதுப் பழக்கம். கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். அங்கே கிளிக்கூண்டோடு அதே இரண்டு குழந்தைகள்! நானே மகளிடம் கொடுத்துவிட்ட சாம்பிள். ஆயுதபூஜை சமயத்தில், "உங்க காலேஜ் ஆபீசுல குடு, நல்ல மாதிரி இருப்பாக" என்று சொல்லி அனுப்பியது. டிசம்பர் தாளில் பதினான்கைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மேடம், பதினாலுல வட்டம் போட்டிருக்கே, என்ன விசேசம்?"

"எங்க புது வீடு பால்காய்ச்சு. அது எதுக்கு இப்ப உங்களுக்கு?" என்றார் எரிச்சலாக. "மார்கழி பிறக்கிறதுக்குள்ள காய்ச்சிரணும்னு நாந்தான் நாள் பார்த்தேன். நல்ல முகூர்த்தம், வியாழக்கிழ..."

கிழமையை அவர் முடிக்கவில்லை. மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு மேஜையில் விரிந்து கிடந்ததைப் பார்த்தார். இரண்டு பக்கமும் கிளிக்கூண்டு.

"இன்னைக்கு எட்டு வியாழன்னா..." என்று விரல் மடக்கிய இளவட்டம், "பதினாலு புதன்ல மேடம் வருது?" என்றார்.

மகள் கையிலிருந்த நோட்டின் அட்டையைப் பிரித்தாள். உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது 2005 டிசம்பர். பதினான்கு, புதன்கிழமை. முகூர்த்தக் குறி எதுவும் அதில் இல்லை. அந்த வருடத்தை அவள் கையிலேயே வைத்துக்கொண்டுதான் நாங்கள் பஸ் ஏறியிருக்கிறோம்.

"அய்யய்யோ! பத்திரிகை அச்சுக்குப் போயிருச்சே. வியாழக்கிழமைன்னு எழுதிக் குடுத்திருக்கேனே!"

என் கணவருக்கு உயிர் வந்துவிட்டது. "எங்கன குடுத்தீக மேடம்?"

"சிவகாசியில. இன்னைக்கு ஓட்டித் தாரேன்னாக." எந்த அச்சகம் என்றும் சொன்னார்.

"அட, நம்ம சின்ன மச்சான் வேல பாக்குற இடம்!" மேஜையில் இருந்த தொலைபேசியை அவரே இழுத்துக்கொண்டார். அந்த அம்மாவும் தடுக்கவில்லை. "ஏலே, நான்தாம்லே. விருதுநகர் பால்காய்ச்சுப் பத்திரிகை ஒண்ணு இருக்கா பாரு. என்னது, மிஷின்ல ஏத்திட்டீகளா? ஓட்டாதலே, நிப்பாட்டு! ஆமா, தேதி தப்பு. எப்பிடியா? காலண்டரப் பார்த்துக் குடுத்துட்டாக லே... எந்தக் காலண்டரா? அத வீட்டுக்கு வந்து சொல்றேன், வையி."

ரிசீவரை வைத்துவிட்டு, "நிப்பாட்டியாச்சு மேடம். ஒரு தாள்கூட ஓடல" என்றார், ஏதோ ரயிலை நிறுத்தியவர் மாதிரி.

அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆரம்பித்ததே ஒரு சிரிப்பு, அடக்கவே முடியவில்லை. "சொந்தக்காரங்க நூறு பேரு புதன்கிழமை வரவா வியாழக்கிழமை வரவான்னு என்னையப் பேயாக்கியிருப்பாகளே. ஒரு காலண்டரக் குடுத்துவிட்டு, ரெண்டு குடும்பத்தக் கவுக்கப் பார்த்தீகளேம்மா!" என்றார் என்னைப் பார்த்து.

"தப்பு காலண்டர்ல இல்ல மேடம்" என்று தொடங்கினார் என் கணவர். நான் அவர் காலை மிதித்தேன்.

அந்த அம்மா மகளின் விண்ணப்பத்தை எடுத்தார். "பட்டியல் இன்னும் இங்கதான் இருக்கு. சாயங்காலந்தான் தேர்வுப் பிரிவுக்குப் போகுது. காரணத்தோட போனா முதல்வர் அனுமதிக்கலாம்னு விதியில இடம் இருக்கு. ஆனா நான் யாருக்கும் போய்க் கேக்கிறதில்ல, எல்லாரும் பாட்டி செத்துட்டாகன்னு சொல்லிக்கிட்டு வருவாக. இந்தக் காரணத்த மட்டும் இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல." சொல்லிவிட்டு முதல்வர் அறைக்குள் போனார்.

கதவு சாத்தியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  பிறகு உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் பெரிதாகச் சிரித்தது. ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பது அவ்வளவு இனிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"கையெழுத்து ஆயிருச்சு" என்று வந்தார் அந்த அம்மா. "ஆனா கம்ப்யூட்டரெல்லாம் நேத்தே நிரம்பிருச்சு. ஒரே ஒரு பாடத்துலதான் இடம் இருக்கு. வணிகவியல் துறையில, 'நேர மேலாண்மை'."

இளவட்டம் மறுபடியும் தட்டச்சுப் பொறிக்குப் பின்னால் போய்விட்டார். கண்ணீரோடு நின்ற மகளும் சிரித்துவிட்டாள். பெற்றோர் கையெழுத்துக்கு விண்ணப்பத்தை நீட்டியபோது, என் கணவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தேதி என்ன மேடம் போட?"

அந்தப் பட்டியலில் மகள் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் பசி தெரிந்தது. வெளியே வந்து எண்ணெய் பரோட்டா சாப்பிட்டோம்.  கடைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது, அவர் எழுந்து போய் வருடத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பாடத்தில் மகள் நன்றாகவே தேறினாள், பட்டமும் வாங்கினாள். பட்டமளிப்பு விழாவுக்குப் போன அன்று, அவர் தேதியை என்னிடம் ஒரு தடவை, பஸ் நிறுத்தத்தில் ஒரு தடவை, நடத்துனரிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். அந்த அம்மா பால்காய்ச்சைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்து, மறக்காமல் எங்களுக்கும் பத்திரிகை அனுப்பியிருந்தார். அதில் தெய்வத்தின் பெயருக்கு அடுத்தபடியாகப் பெரிய எழுத்தில் இருந்தது வருடம்தான்.

இப்போது எங்கள் வீட்டில் இந்த வருடக் காலண்டரை யாரும் அட்டை போடத் தொடக்கூடாது என்று சட்டம். அடுத்த வருடத்தை லட்சக்கணக்கில் வெட்டி லோடு ஏற்றுகிற ஊரில் இருந்தாலும், காலையில் எழுந்ததும் இன்றைய தேதியை ஒருதரம் வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம், தன் தவறும் எங்கள் தவறும் ஒரே காலண்டரில் தொங்கியதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சிரிப்போடு நிறுத்தாமல் என் மகளுக்காக எழுந்து உள்ளே போனாரே, அந்த அம்மாவின் சாத்திய கதவுதான் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.