நம்பர் சுரண்டிய போர்டுடன் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு

மதுராந்தகம் பக்கம் பத்துப் படுக்கைகள் கொண்ட பிரசவ மருத்துவமனை ஒன்றில், பிறந்த குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் பேபி வார்மர் ஒரு வெள்ளிக்கிழமை நின்றுபோனது. அங்கே இருப்பது அது ஒன்றுதான். "செவ்வாய்க்குள்ள சரியாகலன்னா ரெண்டு பேஷன்ட்டை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்" என்றார் டாக்டர். மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதன் சர்க்யூட் போர்டில் எந்த ஐசி சிப் போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அதன் மேலிருந்த நம்பரை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். நம்பர் தெரியாமல் மாற்று வாங்க முடியாது. அடுத்தவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று எங்கள் ஆட்களே செய்யும் வேலை இது.

மாதத்தின் முதல் ஞாயிறன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் டெக்னீஷியன்கள் கூடி, தெரிந்ததை எல்லாருக்கும் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தொழில் ரகசியத்தை இப்படி வாரி இறைப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. வேறு வழியில்லாமல்தான் கிளம்பினேன்.

செங்கல்பட்டில் 7.50 மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய். தாம்பரத்தில் 8.40க்கு இறங்கி, கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் ஷேர் ஆட்டோ. நாலு கிலோமீட்டர்தான், இருபது ரூபாய். கேம்ப் ரோடு சந்திப்பில் நின்றதால் இருபத்தைந்து நிமிடம் ஆனது. போர்டை டிபன் பாக்ஸில் வைத்து மடியில் பிடித்திருந்தேன்.

"இன்னா சார், பிரியாணியா?" என்றார் டிரைவர்.

"போர்டு."

"அத்த போயி டப்பாவுல வச்சிகினு வரியே" என்று சிரித்தார்.

கூட்டம் ஒரு வீட்டு மாடியில். பதினான்கு பேர். நடத்துபவர் ஸ்டெல்லா அக்கா, தனியார் மருத்துவமனை ஒன்றில் கருவிகள் பிரிவைப் பார்ப்பவர். சுவரில் ஒரு பெரிய தாள். கோளாறு, காரணம், சரிசெய்த விதம் என்று மூன்று பத்திகள், நான்காவதாக 'நேரம் ஏன் போனது?'

அக்கா லென்ஸை வைத்துப் பார்த்தார். "நம்பரச் சுரண்டி வச்சிருக்காங்களே."

"எவனோ பெரிய விஞ்ஞானி. இவனுங்களால நமக்குத்தான் பேஜார்" என்றார் பக்கத்தில் இருந்த பாஸ்கர், கேளம்பாக்கத்திலிருந்து வந்தவர். ஆமாம் சார் என்று நானும் ஒத்து ஊதினேன்.

அக்கா போர்டைத் திருப்பினார். மூலையில் பச்சை நெயில் பாலிஷில் இரண்டு புள்ளிகள். ஐசியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் அது அதுவரை படவில்லை. முடிச்சூரில் குடியிருந்த காலத்தில், சரிசெய்த ஒவ்வொரு போர்டிலும் என் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து அப்படித்தான் வைப்பேன். அங்கே மூடிப்போன ஒரு நர்சிங் ஹோமின் வார்மர், கைமாறி மதுராந்தகம் போயிருக்கிறது. சுரண்டும் முன் நம்பரை எழுதிவைத்த நோட்டு 2015 வெள்ளத்தோடு போய்விட்டது.

டீ வந்தது.

"போன தடவ யார் சர்வீஸ் பண்ணாங்கன்னு தெரிஞ்சா, அவரையே கேட்டுடலாம்" என்றார் அக்கா.

"கேட்டாலும் அவருக்குத் தெரியாதுக்கா. நான்தான் அது."

வெட்கமாக இருந்தது. பாஸ்கர் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் நீட்டினார். இதே மாடல் போர்டின் படம், நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

"மூணு வருஷம் முன்னாடி நான் போட்டது சார். நீங்கதான் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல இல்ல."

ஐசியும் அவர் பெட்டியிலேயே இருந்தது. 11.40க்கு மாற்றி முடித்தோம். மாலையில் மருத்துவமனையில் பொருத்தி மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். சூடு ஏற வேண்டிய இடத்தில் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. டாக்டர் யாரையும் வெளியே அனுப்பவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கிளம்பும்போது அக்கா பேனாவைக் கொடுத்திருந்தார். நான்காவது பத்தியில் 'நம்பரைச் சுரண்டியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஒன்பதரைக்கு முன்பே போய்விடுங்கள், மேஜையில் இடம் கிடைக்கும். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. ஐசியில் நம்பர் இல்லையென்றால் யாரையும் திட்டுவதற்கு முன், போர்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.