ஒன்பதாம் தாளில் போட்ட சரி

1974 ஆவணியில் ஒரு நாள், பகல் பதினொன்றேகாலுக்குச் செய்தி வந்தது. கிண்ணியாவிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் துறைமுகக் கந்தோர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஸெய்னுதீன் விடிய மௌத்தாயிட்டாரு. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்."

கடல்மட்ட அட்டவணையில் குனிந்திருந்த சிவகுருநாதனுக்கு முதலில் வந்தது துக்கமல்ல. இனி அவரிடம் சொல்லத் தேவையில்லை என்ற ஆறுதல். அடுத்த கணமே அந்த ஆறுதலை நினைத்துக் கூசிப்போனார்.

இருவரும் அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் கடலின் வற்றும் பெருக்கும் கணித்தவர்கள். 1961இல் ஸெய்னுதீனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வியாழன் இழுக்க இழுக்கச் செவ்வாயின் சுற்றுப்பாதை ஒரு லட்சம் வருடத்தில் எவ்வளவு நீளும், எவ்வளவு வட்டமாகும் என்று மடக்கை அட்டவணையை வைத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். ஐந்நூறு வருடத்துக்கு ஒரு தாளாக இருநூறு தாள். ஒரு தாளின் விடைதான் அடுத்த தாளின் தொடக்கம்.

"செவ்வாய் எங்கை போனா உங்களுக்கென்ன? வலையில படவே போகுது?" என்று சிவகுருநாதன் பகிடி பண்ணினார்.

"படாதுதான். ஆனா தெரியாம நித்திரை வருகுதில்ல. நீங்க பாத்துச் சரி போடுங்க குரு, அது போதும்."

ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் தனியே போட்டுப் பார்த்து, ஒத்துவந்தால் சிவப்புப் பென்சிலால் சரி போடுவது கந்தோர் வழக்கம். வேலை கூடிய நாட்களில் பத்து வரிக்கு ஒன்றைத்தான் பார்ப்பார்கள். கடல் அட்டவணையில் ஒரு நாளின் கணக்குப் பிழைத்தால் அந்த நாள் மட்டுமே பிழைக்கும். ஒன்பதாம் தாளையும் சிவகுருநாதன் அப்படித்தான் பார்த்தார். பார்க்காத வரியொன்றில், கழிக்க வேண்டியதை ஸெய்னுதீன் கூட்டியிருந்தார்.

நாலு வருடம் கழித்து, எழுபத்தோராம் தாளின் விடை நம்பும்படி இல்லாததால் ஐமிச்சப்பட்டுப் பின்னோக்கிப் போனபோது அது கண்ணில் பட்டது. அதற்குப் பின் வந்த அறுபத்திரண்டு தாளும் வீண். சொன்னால் தன் சோம்பலும் வெளியே வரும். எழுபத்தோராம் தாளுக்கும் சரி போட்டுக் கொடுத்தார். பிறகு ஒவ்வொன்றுக்கும். இருநூறாம் தாள் முடிந்த அன்று ஸெய்னுதீன் கந்தோர் முழுவதற்கும் இனிப்பாகத் தொதல் கொடுத்தார். சிவகுருநாதனுக்குப் பெரிய துண்டு.

அடக்கம் முடிந்ததும் ஸெய்னுதீனைக் காக்கா என்றழைக்கும் தம்பி சரீப் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"காக்காட கணக்கு. கொழும்பில படிச்ச ஆக்களுக்கு அனுப்ப இருந்தவரு. உங்கட பேரும் போட்டிருக்கு. நீங்களே அனுப்பிவிடுங்க."

"சரீப், அதில ஒரு..."

"பிழை இரிக்காது. குரு பாத்த கணக்கெண்டு நெடுகச் சொல்லுவாரே."

சிவகுருநாதன் "ஓம்" என்று பையை வாங்கிக்கொண்டார்.

அன்று தொடக்கம், பையைக் கொழும்புக்கு அனுப்பாமல், ஒன்பதாம் தாளிலிருந்து திரும்பப் போட்டுவருகிறார். புதுத் தாள்களின் தலைப்பில் ஸெய்னுதீனின் பெயர் மட்டும். பார்த்துச் சரி போட ஆளில்லாததால் ஒவ்வொன்றையும் தானே இரண்டு தரம் போடுகிறார். ஏழு வருடத்தில் நூற்று நாற்பத்துமூன்றாம் தாள் வரை ஆகிவிட்டது. பழைய ஒன்பதாம் தாளின் அடியில் அவர் போட்ட சிவப்புச் சரி இன்னும் வெட்டப்படவில்லை.