கீலடியில் கொஞ்சம் மஞ்சள்

நேற்று அடுக்களை அலமாரியின் கதவொன்று கீல் தளர்ந்து கையோடு வந்துவிட்டது. திருகாணிகளைக் கழற்றிக் கீலை எடுத்தால், அது மறைத்திருந்த இடத்தில் விரல் நீளத்துக்குப் பலாச்சுளை மஞ்சள். சுற்றிலும் முதிர்ந்த கரும்பழுப்பு. நான் பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

குழித்துறைப் பக்கம் நாங்கள் வீடு கட்டிய காலத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாரில் பாதிப்பேர், வீடு எந்த மட்டில் நிற்கிறதென்று பார்க்க வருவார்கள். பால் விடாத கட்டஞ்சாயா குடித்து, ஆளுக்கோர் அபிப்பிராயத்தை விட்டுச் செல்வார்கள்.

என் மனைவி லீலாவின் அப்பா வெட்டிக் கொடுத்த பலாமரத்தில்தான் அலமாரி செய்திருந்தோம். மஞ்சள் தெரியும்படி மெல்லிய வார்னிஷ் மட்டும் போதும் என்றாள் லீலா. நானோ, ஒரு வீட்டின் நிறம் பலர் கண்ணிலும் படுகிற பொதுக்காரியம் என்று கருதினேன். பலகைத் துண்டொன்றில் மாதிரிச் சாயங்களை வரிவரியாகப் பூசி, வந்தவர்களிடமெல்லாம் வாக்குக் கேட்டேன். கரும்பழுப்பு வென்றது. லீலாவுக்கும் நியாயமாக ஒரு வாக்கு அளித்திருந்தேன்.

"ஓட்டுப் போட்டவியளா எனக்க அடுக்களையில வந்து மீன் கழுவப் போறாவ?" என்றாள்.

வாடை அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யக்கூடாதே என்று, தண்ணீர்ச் சாயமாகத் தேடி வாங்கினேன். குவைத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவள் தம்பி செல்வின் பிரஷ் பிடித்தான். பூசிய சற்று நேரத்தில் மிகுதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. அந்த அழுக்குத் துணியை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். அலசினால் ஆறு கெடும். எரித்தால் காற்று கெடும். துடைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

"அத்தான், நல்லா ஓசிச்சுத்தான் சொல்லுதியளா?"

"ஓசிச்சதுனாலதாண்டே சொல்லுதேன்."

மறுநாளே இடவப்பாதிப் பருவமழை பிடித்துக்கொண்டது. வீட்டுப் பிரதிஷ்டை நாள் வந்தும் துடைக்காத சாயம் காயவில்லை. பலாப்பால் போல விரலில் ஒட்டியது.

போதகர் வெள்ளை அங்கியில் அறை அறையாக ஜெபித்து வந்தார். அடுக்களையில் கூட்டம் நெருக்க, கண்களை மூடியபடியே அலமாரியில் சாய்ந்தார். ஆமென் சொல்லி நகர முயன்றபோது அலமாரி விடவில்லை. செல்வின் பிடித்து இழுத்ததில், அங்கியின் முதுகில் ஒரு கதவின் முழு உருவம் பதிந்திருந்தது.

"அலமாரிக்கு என்னெ விட மனசில்ல கேட்டியளா," என்றார் போதகர்.

எல்லோரும் சிரித்தார்கள், லீலாவைத் தவிர. மறுநாள் அவளும் செல்வினும் உப்புத்தாளும் ஈரத்துணியுமாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு துணி அழுக்கானது. அதை எங்கே போட்டார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அலமாரி முழுவதும் மஞ்சள் மஞ்சளாக வெளியே வந்தது.

பலா, வயதானால் தானே கறுக்கும் மரம். வாக்களித்த ஒருவரும் அதைச் சொல்லவில்லை. வருடங்கள் செல்லச்செல்ல ஞாயிற்றுக்கிழமை அபிப்பிராயக்காரர்கள் வராமலானார்கள்; இப்போது கைப்பேசியில் படம் அனுப்பினால் கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். அலமாரியோ, யாரும் கவனியாமல், சபையார் தேர்ந்தெடுத்த அதே கரும்பழுப்புக்கு வந்து சேர்ந்தது.

கீலடி மஞ்சளை லீலாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இதுல இனி கீலு போடாண்டாம்."

"அப்போ கதவு?"

"கதவில்லாம கெடக்கட்டு."

கதவு இப்போது சுவரில் சாய்ந்து நிற்கிறது. வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் துண்டும் சீக்கிரம் கறுத்துவிடும். அதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.